வாசனை லிஃப்டின் தலைமை விஞ்ஞானி

என்றென்றும் என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி இரு கரம் குவித்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் தங்கள் மகனும் சுகம். அங்கு தாங்களும், அத்தானும், அத்தானின் அறுவை செய்த கண்ணும், அறுவை செய்யாத கண்ணும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். அத்தானைக் குனிய விட வேண்டாம், தும்மவும் விட வேண்டாம். கண் வைத்தியத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்பது தங்களுக்கே தெரியும். இங்குள்ள பெரிய கண் ஆஸ்பத்திரியின் லிஃப்டைப் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் தாங்கள் நடுநடுவே கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. போன கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தீர்கள்: "படிப்பு முடிஞ்சுது, இவன் அடுத்து என்னதான்டா செய்யப்போறான்? சுத்தி வளைக்காம எழுது." சுற்றி வளைக்கிற பழக்கம் நம் வம்சத்தில் எனக்கு மட்டும்தான் கிடையாது. நேராகவே சொல்லிவிடுகிறேன், அக்கா. பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. யாரால் கிடைத்தது என்பதை என் வாயால் சொன்னால் அழகாக இருக்காது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீயே படித்துப் புரிந்துகொள்.

முதலில், இந்தச் சில மாதமாக நான் பட்ட பாட்டை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் மகன் ஊமைக்கோட்டான் என்பது ஊரறிந்தது, அதனால்தான் நான் அவனைக் கோட்டான் என்றே கூப்பிடுகிறேன், அவனும் திரும்பிப் பார்க்கிறான். ஆனால் கடைசி வருடம் வந்ததும் அந்தக் கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோய், காலேஜிலிருந்து வந்தால் அறைக்குள் போவான், கதவைச் சாத்துவான், அவ்வளவுதான். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். அதை ஒட்டுக்கேட்பது என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். அடைபட்ட கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவன் மூச்சு விடுகிறானா என்று காது கொடுப்பது லிஃப்ட் மெக்கானிக்கின் தொழில் தர்மம், அது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

"என்னடா பண்றே உள்ளே?" என்பேன்.

"ஒண்ணுமில்லை மாமா."

"அடுத்து என்னடா திட்டம்?"

"பார்க்கலாம் மாமா."

"பார்க்கலாம்னா எதைப் பார்க்கலாம்? நீ பார்க்கிறியா, நான் பார்க்கணுமா?"

அதற்குள் என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து, "அவனை நச்சரிக்காதீங்க, அவன் வேலையை அவன் பார்க்கட்டும்" என்பாள். அவளுக்கு உலகம் தெரியாது. தெருவில் நடக்கிறவன் நான். கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிறவன் நான். "உங்க மருமகன் படிப்பு முடியுதாமே, அடுத்து என்ன?" என்று கேட்டால், "பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு" என்பேன். யாரோடு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, தனியாக உட்காரும்போது மனசு அடித்துக்கொண்டது. அக்கா நம்மை நம்பி ஒப்படைத்த பிள்ளை, வந்தபோது எப்படி இருந்தானோ அப்படியே, கையில் ஒரு சுருட்டின காகிதத்தோடு மட்டும் திருப்பி அனுப்பப்போகிறோமா என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் காலேஜிலிருந்து என் போனுக்கு ஒரு தகவல் வந்தது. இங்கே காப்பாளர் நான்தானே. அந்தக் காலேஜில் ஒரு வழக்கம் இருக்கிறது. பட்டம் வாங்க ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறும்போது, அந்தப் பிள்ளை செய்த சாதனை என்ன, எதிர்காலத் திட்டம் என்ன என்று ஆளுக்கு இரண்டு வரி வாசிப்பார்களாம். அதை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். நம் கோட்டான் அனுப்பியிருக்கிறான். சாதனை என்ற இடத்தில் "குறிப்பிடும்படி இல்லை." திட்டம் என்ற இடத்தில் "பிறகு." விவரம் போதவில்லை, திருத்தி அனுப்பவும் என்று காலேஜ் அதை எனக்கு அனுப்பியிருக்கிறது. அக்கா, ஊரே பட்டுடுத்தி வரும் இடத்துக்கு ஒருத்தன் துண்டைக் கட்டிக்கொண்டு போனால் வீட்டுப் பெரியவன் பார்த்துக்கொண்டிருப்பானா? திருத்தச் சொன்னார்கள், திருத்தினேன். நான் எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன், ஆகவே அந்த வகுப்பில் எனக்கு மற்றவர்களைவிட ஆழம் அதிகம். எழுத்து தானாக வந்தது.

சாதனையில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. எங்கள் மாடி வீட்டம்மாவின் தண்ணீர்த் தொட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது சரியில்லை, மூடியைத் திறந்து பாருங்க" என்று பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். "என்ன சரியில்லை?" என்று அந்தம்மா கேட்டால், "தெரியலை, திறந்து பாருங்க" என்பான். ஒருவழியாகத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு புறா, அது செத்து வெகுநாளாகியிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் எல்லோரும் காபி குடித்து, பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இதைத்தான் நான் சுருக்கமாக, "தன் ரசாயன அறிவால் ஒரு தெருவையே கொள்ளைநோயிலிருந்து காத்தவர்" என்று எழுதினேன். திட்டம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். அவன் படித்தது ரசாயனம், என் தொழில் லிஃப்ட். இரண்டையும் சேர்த்து, "தம் மாமாவின் அனைத்துலக லிஃப்ட் நிறுவனத்தில் தலைமை விஞ்ஞானியாகப் பொறுப்பேற்று, உலகிலேயே முதன்முறையாக வாசனை வீசும் லிஃப்டை உருவாக்க இருக்கிறார்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். சாவி வெட்டுகிறவரும் நானும் ஒரே ஷட்டருக்குள் தொழில் நடத்துவதை நீ மனதில் வைத்துக்கொண்டு அனைத்துலகம் எங்கே என்று கேட்பாய். நான் பழுது பார்க்கும் லிஃப்ட் எதுவும் இந்த நாட்டில் செய்ததல்ல, தெரிந்துகொள்.

விழாவுக்கு முந்தின நாள் ஒரு சின்னச் சம்பவம். பட்டம் வாங்கப் போட்டுக்கொள்ளும் கறுப்பு அங்கியை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான், ஒரே சுருக்கம். இஸ்திரிப் பெட்டியை நானே எடுத்தேன். "துணியைப் பார்த்துச் சூடு வையுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. மின்சாரத்தில் ஊறியவனிடம் சூட்டைப் பற்றிப் பேசுகிறாள். நான் முதுகுப் பக்கத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன், அந்தத் துணி என்ன ஈனத் துணியோ, ஒரு நொடியில் உருகிப் பெட்டியோடு வந்துவிட்டது. முதுகின் நட்டநடுவில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் ஒரு ஜன்னல். என் வீட்டுக்காரி என் குடையை எடுத்துக் கத்தரித்தாள். குடைத்துணியை உள்ளே வைத்துத் தைத்ததில் ஜன்னல் மூடிக்கொண்டது, ஆனால் அந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னியது. பையன் போட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை மாமா, மேடையில முதுகைக் காட்டாம நடந்துக்கறேன்" என்றான். இந்த வருடத்தில் என்னிடம் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். குடை போனால் போகிறது என்று தோன்றிவிட்டது.

மறுநாள் நாங்கள் நாலு பேர் போனோம். அழைப்பு இரண்டு பேருக்குத்தான். ஆனால் சாவிக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார், மாடி வீட்டம்மாவோ முந்தின நாளே தலைக்குச் சாயம் பூசிவிட்டார். மண்டப வாசலில் நின்ற காவலாளி, "ரெண்டு பேருக்குத்தான் சீட்டு இருக்கு, மத்தவங்க யாரு?" என்றான். நான் எங்கே போனாலும் தொழில் பையை விடுவதில்லை. அதைத் தூக்கிக் காட்டி, "நான் லிஃப்ட் பார்க்க வந்தவன்" என்றேன். சாவிக்காரர் இடுப்புக் கொத்தைக் குலுக்கி, "நான் பூட்டு பார்க்க" என்றார். காவலாளி மாடி வீட்டம்மாவைப் பார்த்தான். அந்தம்மா அவனை ஏற இறங்கப் பார்த்து, "நான் கட்டடத்தையே பார்க்க வந்தவ, தள்ளு" என்றார். சீட்டு கையில் இருந்த என் வீட்டுக்காரியைத்தான் அவன் கடைசி வரை சந்தேகமாகப் பார்த்தான்.

உள்ளே கேட்க வேண்டுமே, அக்கா. சர்க்கரைக் குரலில் ஒரு பேராசிரியை வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறுகிறார்கள். ஒருத்தன் விமான நிறுவனம் தொடங்கப்போகிறானாம். ஒருத்தி பசியை ஒழிக்கப்போகிறாளாம், அதற்கு முன்னால் உலகச் சுற்றுப்பயணமாம். இன்னொருவன் முப்பது வயதுக்குள் ஓய்வு பெறப்போகிறானாம், அதற்குத்தான் பலத்த கைதட்டல். தொழிலதிபர் ஆகப்போகிறவர்கள் மட்டும் அத்தனை பேர், தொழிலாளியாகப் போவதாக ஒருத்தரும் சொல்லவில்லை. அப்போது என் மனசுக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லி முடியாது. இந்தச் சந்தையில் "பிறகு" என்ற ஒற்றைச் சொல் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

நம் பையன் முறை வந்தது. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் மேடையேறினான். பேராசிரியை சாதனையை வாசித்தார். மாடி வீட்டம்மா என் விலாவில் இடித்தார்.

"எந்தத் தெருங்க? என் தொட்டியில கிடந்தது ஒரே ஒரு புறா."

"உங்க வீடு தெருவுலதானேம்மா இருக்கு?" என்றேன்.

அடுத்துத் திட்டத்தை வாசித்தார். வாசனை வீசும் லிஃப்ட் என்ற இடத்தில் அவர் குரலிலேயே சர்க்கரை குறைந்தது. மண்டபம் குபீரென்று சிரித்தது. பையன் என் பக்கம் பார்க்கவே இல்லை, காதுகள் மட்டும் சிவந்தன. வாசித்ததோடு அந்தம்மா விட்டிருக்கலாம். மைக்கை அவன் வாயருகில் நீட்டி, "அந்த லிஃப்டைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டார். நீயே நினைத்துப் பார், அக்கா. வீட்டிலேயே வாய் திறக்காதவன், அத்தனை பேருக்கு முன்னால் மைக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் போல மண்டபமே அப்படியே நின்றது. என் வீட்டுக்காரி என் தொடையைக் கிள்ளியதில் இன்னும் கன்றிப்போன அடையாளம் இருக்கிறது.

"அது எங்க மாமா எழுதினது" என்றான்.

மறுபடியும் சிரிப்பு. பேராசிரியை விடவில்லை. "அப்ப உங்க திட்டம்?"

"இருக்கு மேடம். இங்க சொல்ல முடியாது."

"ஏன்?"

"மாமா இங்கதான் உட்கார்ந்திருக்காரு."

அக்கா, அந்த மண்டபத்தின் கூரை இத்தனை நாள் நின்றதே அதிசயம், அன்றைக்கு விழாதது அதைவிட அதிசயம். எல்லோரும் மாமா யார், மாமா யார் என்று திரும்பித் திரும்பித் தேடினார்கள். ஒளிந்துகொள்ள நான் என்ன தப்பா செய்தேன்? எழுந்து நின்று நாலு திசைக்கும் கும்பிடு போட்டேன். பட்டம் வாங்கிய ஒரு பிள்ளைக்கும் விழாத கைதட்டல் எனக்கு விழுந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் என் காதில் ஏறவில்லை. "இருக்கு" என்று சொன்னானே, அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. திட்டம் இருக்கிறது. பையனுக்குள் ஏதோ இருக்கிறது. நின்றுபோன லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே நகரும்போது உள்ளே இருப்பவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள் பார், அதைத் தினமும் வெளியில் நின்று கேட்கிறவன் நான். அன்றைக்குத்தான் உள்ளேயிருந்து நானே விட்டேன்.

அதோடு விழா தடம் மாறிவிட்டது. அடுத்து வந்த பெண்ணுக்கு, நீதிபதியாகி நாட்டின் சட்டத்தையே மாற்றப்போகிறார் என்று வாசித்தார்கள். அவள் மைக்கைத் தானே வாங்கி, "இது எங்க அப்பா எழுதினது, நான் கொஞ்ச நாள் தூங்கப்போறேன்" என்றாள். கூட்டத்திலிருந்து அவள் அப்பா எழுந்து, "ஆமா, நான்தான் எழுதினேன், அதுல என்ன தப்பு?" என்று சண்டைக்கு வந்தார். அதற்கடுத்தவன், "என்னோடதை நானேதான் எழுதினேன், ஆனா எனக்கே நம்பிக்கை இல்லை" என்றான். பிறகு வந்த ஒவ்வொரு பிள்ளையும் நின்று நிதானமாகத் தன் திட்டம் யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கியது. இந்தப் புது வழக்கத்தை அந்தக் காலேஜில் தொடங்கி வைத்தது நம் குடும்பம். தன் முறை முடிந்து இறங்கும்போது மட்டும் கோட்டான் தன்னை மறந்து முதுகைக் காட்டிவிட்டான். விளக்கு வெளிச்சத்தில் குடைத்துணி வைரம் போல மின்னியது. தங்கப் பதக்கம் வாங்கினவர்களுக்கு முதுகில் தனி அடையாளம் வைப்பார்கள் போலிருக்கிறது என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

இனிமேல்தான் முக்கியமான இடம். விழா முடிந்து வெளியே தேநீர் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் இந்நகரத்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் இயக்குநர் அம்மா. நரைத்த தலை, கறாரான முகம், ஆனால் மேடையில் எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அவர்தான். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நம் பையனிடம் வந்தார்.

"புறா எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு மேடம்" என்றான் இந்த மடையன், செத்த புறாவைப் பற்றி.

"ஒண்ணாம் தேதி காலையில நேரா என் அறைக்கு வந்துடுங்க. அங்கி வேண்டாம்."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான், அக்கா. ஒரு கேள்வி இல்லை, ஒரு பரீட்சை இல்லை, ஒரு சிபாரிசு இல்லை. புறா விஷயம் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதிய வரியில் கொள்ளைநோய்தான் இருந்தது. புறா என்று ஒரு சொல் இல்லை. வரிக்குப் பின்னால் இருப்பதை வாசிக்கத் தெரிந்த அறிவாளி அந்தம்மா. ஒரு வேலையை இரண்டே வரியில் வாங்கிக் கொடுத்தவன் வேறு யாராவது உண்டா என்று நான் கேட்கமாட்டேன், நீயே கேட்டுக்கொள். நான் முன்னால் போய், "மேடம், பையன் சொக்கத் தங்கம். நான் வளர்த்தது" என்றேன். அந்தம்மா என்னைப் பார்த்து, "தெரியுது" என்றார். எவ்வளவு அர்த்தமுள்ள சொல்.

வரும் வழியில் பையனைக் கேட்டேன்: "ஏதோ திட்டம் இருக்குன்னியே, அது என்னடா?"

"இதுதான் மாமா."

"எது?"

"தண்ணி."

திடீரென்று வேலை கிடைத்த அதிர்ச்சியில் பழைய திட்டம் பாவம் மறந்துபோயிருக்கிறது. நான் மேற்கொண்டு தோண்டவில்லை. வந்த பஸ்ஸில் கண்டக்டர் முதல் கடைசி இருக்கைக்காரர் வரை எல்லோருக்கும் விஷயத்தை விளக்கிவிட்டேன், தெருவில் இறங்கியதும் விட்டுப்போனவர்களுக்கும் சொன்னேன். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றி, ஒரு குவளை தண்ணீர் குடித்து உட்கார்ந்தேன் பார், அக்கா, தோளிலிருந்து ஒரு லிஃப்ட் பெட்டியையே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. நீயும் இனி நிம்மதியாகத் தூங்கு. உன் பிள்ளை நிலைக்கு வந்துவிட்டான், இந்த நகரம் முழுக்க இனி அவன் சொன்னால்தான் தண்ணீர் குடிக்கும்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம், அவருடைய கட்டு அவிழ்த்ததும் முதலில் இந்தக் கடிதத்தைக் காட்டவும், நல்ல எழுத்து கண்ணுக்குக் குளிர்ச்சி. தங்களுக்கு என் நமஸ்காரம். என் வீட்டுக்காரி உங்கள் இருவரையும் மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். சாவிக்காரரும் மாடி வீட்டம்மாவும்கூட விசாரித்தார்கள். எல்லா நலமும் தங்கள் வாசல் தேடி வரட்டும்.

இப்படிக்குத்
தங்கள் சொல்லுக்கு எந்நாளும் கட்டுப்பட்ட,
கட்டுப்படாத நாளில் மன்னிக்கப்பட்ட தம்பி

பின்குறிப்பு: மேடையில் பேசியதைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க, ஒட்டுவதற்கு முன் இதைப் பையனிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு இவ்வளவு வரிசையான பல் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். "மாமா, இதை அனுப்பணுமா? அம்மாவுக்கு எல்லாம் எப்பவோ தெரியுமே" என்றான். பரிசோதனைக் கூடத்தின் பரீட்சைக்குத்தான் இத்தனை மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தானாம். எழுதித் தேறி, அந்த இயக்குநர் அம்மா நேரில் கூப்பிட்டுப் பேசியபோது புறாக் கதையைச் சொன்னானாம். என்ன இருந்தது என்று தெரியாதபோது தெரியலை என்று சொன்னதுதான் அந்தம்மாவுக்குப் பிடித்துப்போனதாம். கதை உண்மைதானா என்று மாடி வீட்டம்மாவுக்குப் போன் போட்டுக்கூடக் கேட்டிருக்கிறார்கள். பட்டம் வாங்கிவிட்டு வந்து சேர் என்று அப்போதே முடிவாகிவிட்டதாம். உனக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்குத் தெரியும், அவள் சொல்லிச் சாவிக்காரருக்கும் தெரியும். "அப்புறம் எதுக்குடா உங்கம்மா அடுத்து என்னன்னு என்னைக் கேட்டா?" என்றேன். "கேட்காம இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்துடுமே மாமா" என்றான்.

எனக்கு மட்டும் ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். "போன தடவை சாயக் கம்பெனியில நேர்ல வரச் சொன்னதுக்கே தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தீங்க. அந்த வேலை கிடைக்கலை. எனக்கு ஒண்ணும் ஆகலை மாமா. நீங்கதான் ரொம்ப நாள் பின்தெரு வழியா வீட்டுக்கு வந்தீங்க. என்னால பார்க்க முடியலை" என்றான். பின்தெருவில் நான் வந்தது காற்றோட்டத்துக்காக. அதை அவனிடம் சொல்லவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், இந்தப் பக்கம் தூசி அதிகம்.

ஆகவே, மேலே எழுதியதில் வேலை கிடைத்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு. ஆனால் ஒன்றை நீ ஒப்புக்கொண்டே ஆக வேண்டும், அக்கா. இவ்வளவு பெரிய ரகசியம் இத்தனை மாதம் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகவில்லை. நம் குடும்பத்தில் வேறு யாரால் இது முடியும்?